அம்மாசி பேசிய வியாழக்கிழமை

மூக்குக் கண்ணாடியையும் மைப்புட்டியையும் இங்கேயே விட்டுவிட்டுப் போன என் அப்பாவுக்கு,

வருகிற ஐப்பசியோடு நீங்கள் போய் இரண்டு வருஷம். இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? அம்மாவுக்கு முழங்கால் வலி. கொல்லை முருங்கை ஆடிக் காற்றில் முறிந்து விழுந்தது. நான் அதே பள்ளிக்கூடத்தில் அதே ஒன்பதாம் வகுப்புக்குச் சரித்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சேதிகள் உங்களுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இப்போது ஒரு சேதி இருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தாலே ஊரில் ஆளாளுக்கு முகம் மாறிப்போகிறது. முகம் மாறாமல் கேட்க நீங்கள்தான் மிச்சம்.

இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். வீட்டு விஷயத்தை அச்சில் ஏற்றுவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். இது வீட்டு விஷயமில்லை அப்பா. நம் சங்கத்து விஷயம்.

நீங்களும் மருந்துக்கடை ராமலிங்கமும் அரிசி ஆலை சபாபதி மாமாவும் சேர்ந்து ஆரம்பித்த ஊர் நலச் சங்கம் இன்னும் நடக்கிறது. கண் வைத்தியர்களை அழைத்து முகாம் போடுகிறார்கள். வெள்ளம் வந்தால் கஞ்சி ஊற்றுகிறார்கள். வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கூட்டம், ஒரு சிறப்பு விருந்தினர், ஒரு பேச்சு, ஒரு காப்பி. சார்பதிவாளர் அலுவலகத்தில் காலமெல்லாம் பத்திரம் பார்த்தவர் நீங்கள். நீங்கள் வகுத்த விதிகளில் ஒன்றும் மாறவில்லை. முதலில் போன வாரக் குறிப்பை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். விருந்தினர் பேசும்போது யாரும் எழுந்து போகக் கூடாது. பேச்சு முடிந்ததும் உறுப்பினர் ஒருவர் விருந்தினரைப் பேருந்து நிலையம் வரை கூடப் போய் ஏற்றிவிட வேண்டும். குறிப்புப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் எண் இருக்க வேண்டும், தாளைக் கிழிக்க முடியாதபடி.

நீங்கள் படுக்கையில் விழுந்த வருஷம் உங்களுக்குப் பதிலாகக் குறிப்பு எழுத என்னை அனுப்பினீர்கள். பிறகும் என்னையே வைத்துக்கொண்டார்கள். பெண்ணை உறுப்பினராகச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். மாடிக் கூடத்தில் தெருப் பக்கத்துச் சன்னலோரம் எனக்கு ஒரு சின்ன மேஜை. காப்பி கொண்டுவருகிறவர் என்னைத் தாண்டித்தான் போவார். வருகைக் கணக்கில் நான் கிடையாது.

நீங்கள் இருக்கும்போதே ஆட்சி மாறியது. நீங்கள் 'அக்கிராசனர்' என்று எழுதிய இடத்தில் நான் 'தலைவர்' என்று எழுதுகிறேன். தலைவர் சபாபதி மாமாதான். மாமா இப்போது கரை போட்ட வேட்டி கட்டுகிறார், மேடையில் அடுக்குமொழி பேசுகிறார். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அவருடைய நிலம் காரியக்காரர் பேருக்கும் மருமகன் பேருக்கும் போய்விட்டு, அவரிடமே திரும்பி உட்கார்ந்துகொண்டது.

கிழக்கே நாலு மைலில் அவருடைய கிராமம் உங்களுக்குத் தெரியும். இந்தக் குறுவைக்கு அந்த ஊர் தெற்குத் தெரு ஆட்கள் அறுப்புக்கு இறங்கவில்லை. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள். கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, கிழக்கே மேகம் கட்டுகிறது. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து பார்த்தார்கள். தொழிலாளர் சங்கத்து அம்மாசி தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் பாலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். யார் மேலும் ஒரு கை படவில்லை. லாரி வந்த வழியே திரும்பிவிட்டது.

அதற்கு இரண்டு நாள் கழித்து மாமா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர்தானே எங்கள் தாளாளர்.

"விசாலம், வர்ற வியாழனுக்கு விருந்தினர் அம்மாசி. தலைப்பு கிராம முன்னேற்றம்னு போட்டுக்க. அழகா ஒரு கடிதம் எழுதும்மா. 'திரு' போட்டு எழுது."

"வருவாரா மாமா?"

"நான் கூப்பிட்டா வரமாட்டான். டீச்சர் கையெழுத்துன்னா வருவான்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது அப்பா. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு மேஜையில் எல்லாரும் உட்கார்ந்து பேசினால் தீராதது எது என்று நீங்கள் சொல்வீர்களே, அதை நானே நடத்திவைக்கிறேன் என்று நினைத்தேன். 'மதிப்புக்குரிய திரு. அம்மாசி அவர்களுக்கு' என்று எழுதி, மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அவர் ஐந்தரைக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். சலவைச் சட்டை, சட்டைப்பையில் என் கடிதம். கூடத்தில் முப்பது நாற்காலி, ஆள் ஒன்பது பேர். கிழக்கே நிலம் வைத்திருக்கிறவர்கள் ஒருவர்கூட இல்லை. அறுப்பு நேரம், வேலையாக இருப்பார்கள் என்று நினைத்தேன். அறுப்பே நடக்காத ஊரில் என்ன வேலை என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். "எனக்கு நின்னு பேசித்தான் பழக்கம். நாற்காலியில ஒக்காந்தா பேச்சு வராது, தூக்கந்தான் வரும்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். "கடுதாசியில 'திரு' போட்டிருந்தீங்க. தெருவே வாங்கி வாங்கிப் பாத்துச்சு. எங்க ஆத்தா மட்டும், 'வெலாசம் மாறி வந்திருக்கும், திருப்பிக் குடுத்துர்றா'ன்னுச்சு."

மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

கூலியைப் பற்றி அவர் பேசவே இல்லை. கிராம முன்னேற்றம் என்று தலைப்புக் கொடுத்திருந்தோம், அதையே பேசினார். மழைக்காலத்தில் தெருப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவது, பிணத்தைக் கொண்டுபோகப் பாதை இல்லாமல் வயலில் இறங்கினால் பயிர் மிதிபட்டது என்று வழக்குப் போடுவது, ஒரு கைப்பம்புக்காக அவர் ஏறி இறங்கிய அலுவலகங்கள். என்னால் வேகமாக எழுத முடிந்ததையெல்லாம் எழுதினேன்.

சபாபதி மாமா விருந்தினர் பேசினால் கண்ணை மூடிக்கொள்வார், உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு மூடவே இல்லை. அம்மாசி முடிக்கப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கைப்பம்பு விஷயத்தைக் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க." "பாதைக்கு மாற்று வழி ஏதும் யோசிச்சீங்களா?" நடுவில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். இரண்டாம் தடவை காப்பி வந்தது. நம் சங்கத்தில் எந்தக் கலெக்டருக்கு அப்பா இரண்டு காப்பி கொடுத்திருக்கிறோம்?

ஆறு மணி இருக்கும். கீழே தெருவில் ஒரு லாரி போனது. அதை ஒட்டினாற்போல் இன்னொன்று. சன்னலோரம் இருந்ததால் எனக்குத் தெரிந்தது. நின்றுகொண்டு போகிற ஆட்கள், தலையில் துண்டு, சாக்கில் சுற்றிய அரிவாள்கள். கிழக்கே போனார்கள்.

அம்மாசி பேச்சை நிறுத்தினார். அவர் நின்ற இடத்திலிருந்து தெரு தெரியாது.

"லாரியில ஆளு போவுதா?"

"செங்கல் லாரி," என்றார் மாமா. "காளவாய்க்குப் போகுது. நீங்க சொல்லுங்க."

அம்மாசி மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். சன்னல் பக்கம் இருந்தது நான் ஒருத்திதான். கடிதம் எழுதியவளும் நான்தான். அந்தப் பார்வையில் ஒரு கேள்விதான் இருந்தது, அதற்கு ஒரு சொல் போதும். நான் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தேன்.

ஏன் குனிந்தேன்? ஆறு நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விதி என்று சொல்லிப் பார்க்கிறேன்: விருந்தினர் பேசும்போது குறிப்பெழுதுகிறவள் பேசக் கூடாது. பயம் என்று சொல்லிப் பார்க்கிறேன். இரண்டும் உண்மைதான். ஆனாலும் மாமா பொய் சொன்ன அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது கூச்சம். நம்ம மாமாவை, வெளியாள் முன்னால், எப்படிப் பொய்யர் என்பது என்கிற கூச்சம். யார் எனக்கு வெளியாள்? என்னை நம்பி வந்தவர் வெளியாளா?

பேச்சு ஏழு பத்துக்கு முடிந்தது. ராமலிங்கம் கூடப் போய் ஏழரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தார்.

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆறேகாலுக்கு லாரிகள் பாலத்துக்கு வந்திருக்கின்றன. தெருவில் இருந்தவர்கள் ஓடிவந்து மறித்திருக்கிறார்கள். இந்த முறை உட்காரச் சொல்ல ஆள் இல்லை. யார் முதலில் கல் எடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. லாரியில் வந்த வெளியூர்க்காரர் ஒருவர் வெட்டுப்பட்டு வாய்க்காலில் விழுந்து செத்துப்போனார். அவரும் ஒரு கூலிக்காரர்தான். அவர் பெயரை இந்த ஊரில் நான் கேட்ட யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் எங்கேயோ ஒரு மகள் இருப்பாளோ என்னவோ.

புகாரில் முதல் எதிரி அம்மாசி. ஆறேகால் மணிக்குப் பாலத்தின் மேல் நின்று வெட்டச் சொன்னது அவர்தான் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மூன்று பேரும் நம் சங்கத்து உறுப்பினர்கள், அன்றைக்கு நாற்காலி காலியாக இருந்தவர்கள். ஊரில் நடப்பது எதிலும் முதலில் அம்மாசி பெயரைச் சேர்த்தே பழகிவிட்டார்கள். அவரை ஊரைவிட்டு அகற்றி வைத்தது தாங்கள்தான், அகற்றி வைத்த இடத்தில் ஒன்பது பேர் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது கையெழுத்துப் போடும்போது அவர்களுக்கு நினைவில்லை.

நினைவு வந்தது சனிக்கிழமை. அன்றைக்குத்தான் அம்மாசியின் மனைவி செல்லம்மா எல்லாரும் பார்க்கப் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், நீங்கதானே அந்தக் கடுதாசி எழுதுனது?"

ஆமாம் என்றேன். 

"சண்டைக்கு வரலீங்க. அன்னிக்கு பாலத்துல அவரு இருந்திருந்தா எல்லாத்தையும் ஒக்கார வச்சிருப்பாரு, ஒரு கல்லு பறந்திருக்காது. அது போச்சு. அவரு இங்கதான் இருந்தாருன்னு மணியோட எழுதி வச்சிருக்கீங்களாம். மருந்துக்கடை அய்யா சொன்னாரு. அந்த எழுத்து இருக்குதாங்க?"

"இருக்கு."

"இருக்குமா?"

ஒரே சொல் அப்பா.  போலீஸ் பிடித்ததும் பயந்து ஓடியதுமாகத் தெற்குத் தெருவில் ஆண்கள் யாரும் இல்லை, வீட்டுக் கதவைச் சாத்தக்கூட ஆளில்லாமல் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராமலிங்கத்தைப் போய்ப் பார்த்தேன். மருந்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, நிமிராமல் பேசினார். "நான்தாம்மா பஸ் ஏத்திவிட்டேன். இல்லேன்னு சொல்லலே. ஆனா இந்தக் கடைக் கட்டடம் சபாபதியோடதுதானே? புத்தகம் பேசட்டும். என்னைப் பேசச் சொல்லாதே."

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். உங்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"விசாலம், அன்னிக்கு எத்தனை பேர் வந்திருந்தாங்க?"

"ஒன்பது பேர்."

"விதிப்படி எத்தனை பேர் இருந்தாத்தான் கூட்டம்?"

"பதினஞ்சு."

"அப்ப அது கூட்டமே இல்லையேம்மா. நடக்காத கூட்டத்துக்கு விருந்தினர் ஏது, குறிப்பு ஏது? உங்கப்பா எழுதி வச்ச விதிதானே? தாளைக் கிழிக்க வேணாம். குறுக்கே ஒரு கோடு போட்டு, உறுப்பினர் போதாததால கூட்டம் நடைபெறவில்லைன்னு ஒரு வரி. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

 அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்கப்பா இருந்திருந்தா நான் வந்து கேக்கவே வேண்டாம். அவருக்கு எதை எழுதணும், எதை விடணும்னு தெரியும். பழைய புத்தகமெல்லாம் எடுத்துப் பாரு. நீயும் இன்னும் பத்துப் பன்னண்டு வருஷம் வேலை பாக்கணும், அம்மாவும் இருக்காங்க. யோசிச்சுச் செய்."

அவர் போன பிறகு பழைய புத்தகங்களை எடுத்தேன் அப்பா. எடுக்காமல் இருந்திருக்கலாம். உங்கள் கையெழுத்தில் எல்லாம் இருந்தது, யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், எத்தனை மணி. நடுநடுவே ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: 'இதர விஷயங்களும் பேசப்பட்டன.'

ஒரு பக்கத்தில் அந்த வரியைப் பார்த்ததும் நாள் நினைவுக்கு வந்துவிட்டது. வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் விருந்தினராக வந்திருந்தார். குத்தகைக்கு உழுத ஒருவர், நிலத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று சொல்ல நேரே கூடத்துக்குள் வந்துவிட்டார். அவரை மாடிப்படியில் இழுத்துத் தள்ளியதை ஊரே பேசியது. நீங்கள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. புத்தகத்தில் அவர் இல்லை. அவர் பெயர் என்ன அப்பா? உங்களுக்குத் தெரிந்துதானே இருந்தது?

அம்மா சமையலறை வாசலில் நின்று நான் பக்கம் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு உங்கப்பா சாப்பிடலே. ஏன்னு நான் கேக்கலே," என்றாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பார்னு இப்பத் தோணுது." பிறகு, "வேலை போனா போகட்டும். ரெண்டு பேருக்கு எவ்வளவு சோறு வேணும்?" என்றாள். அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

உங்கள் மேல் கோபமில்லை. இருந்தது, ஒரு பகல் முழுக்க இருந்தது. பிறகு என் பக்கத்தை நானே எடுத்துப் படித்தேன். நேரமெல்லாம் சரியாக இருக்கிறது. கைப்பம்பு இருக்கிறது, பாதை இருக்கிறது. லாரி இல்லை. அவர் நிறுத்திக் கேட்டது இல்லை, மாமா சொன்னது இல்லை. அந்த இடத்தில் 'பேச்சு தொடர்ந்தது' என்று எழுதியிருக்கிறேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் மகள், தானாகவே வந்திருக்கிறது.

நாளைக்கு வியாழக்கிழமை. விருந்தினர் யார் தெரியுமா? இந்த வழக்கை விசாரிக்கிற போலீஸ் ஆய்வாளர். தலைப்பு, சட்டம் ஒழுங்கும் குடிமக்களின் கடமையும். அவருக்கும் நான்தான் கடிதம் எழுதினேன். முப்பது நாற்காலியும் நிறையும் என்கிறார்கள். போன வாரக் குறிப்பு வாசிக்க வேண்டாம், நேரே பேச்சுக்குப் போய்விடலாம் என்று மாமா சொல்லியனுப்பியிருக்கிறார். கோடு போட்டாகிவிட்டதா என்றும் கேட்டுவரச் சொன்னார். வந்தவரிடம், நாளைக்குக் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினேன்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இரண்டு நாளாக ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வருகிறார். நான் நின்றால் அவரும் நிற்கிறார். ஒன்றும் பேசுவதில்லை. இன்று காலை வீட்டு வேலிப் படலைப் பிடுங்கி வாசலிலேயே போட்டிருந்தார்கள். புத்தகத்தைப் பையில் போட்டு வகுப்புக்கு வகுப்பு தூக்கிக்கொண்டு அலைகிறேன். இந்த வரிகளையும் பிள்ளைகள் மைதானத்துக்குப் போன நேரத்தில் காலி வகுப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வெளியே மழை இருட்டிக்கொண்டு வருகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் கதிர் இன்னும் அறுபடாமல் நிற்கிறது.

இது அச்சில் வரும்போது நாளைய வியாழன் முடிந்து பல நாள் ஆகியிருக்கும். என்ன ஆயிற்று என்று படிக்கிறவர்கள் யாரிடமாவது விசாரித்துக்கொள்ளட்டும். நான் செய்யப்போவதை மட்டும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

விருந்தினர் வந்து உட்கார்ந்ததும் எழுந்து நிற்பேன். நான் உறுப்பினராக இல்லாததால் என்னை உட்காரச் சொல்ல எந்த விதியிலும் இடமில்லை. நீங்கள் அப்படி ஒன்று எழுதவே இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். ஒன்பது பேரின் பெயரையும் படிப்பேன், ராமலிங்கம் பெயர் உட்பட. மணிகளைப் படிப்பேன். 'பேச்சு தொடர்ந்தது' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, அங்கே எழுதாமல் விட்டதைச் சொல்வேன். லாரியைச் சொல்வேன். கேட்டவர் யார், பொய் சொன்னவர் யார், பார்த்துவிட்டுத் தலை குனிந்தவள் யார் என்று மூன்றையும் சொல்வேன். கடிதம் யார் சொல்லி எழுதினேன் என்பதையும் சேர்த்து.

கூடத்தில் யாரும் ஆமோதிக்காமல் இருக்கலாம். ஆய்வாளர் காதில் விழாத மாதிரி இருக்கலாம். செல்லம்மாவைக் கீழே தெருவில் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்குக் கேட்கும்படி படிப்பேன் அப்பா. அந்த ஒரு ஆளுக்காவது கேட்டாக வேண்டும்.

நீங்கள் விட்டதையும் நான் விட்டதையும் சேர்த்துச் சுமக்கிற,
உங்கள் மகள்
விசாலம்